செழியன் சொல்லி வாங்கிய சர்வர்

இதை எழுதப் போகிறேன் என்றதும் என் மனைவி மதிவதனி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். எதையும் கூட்டிச் சொல்லக் கூடாது. நான் கூட்டவில்லை. 2025 நவம்பர் 8, சனிக்கிழமை, மன்னார்குடியில் என் வீட்டு மாடி அறையில் மதியம் மூன்று மணிக்குத் தொடங்கி மாலை ஆறு மணிவரை நடந்தது இது. நடுராத்திரி இல்லை. தூக்கக் கலக்கம் இல்லை. எனக்குக் குடிப்பழக்கமும் கிடையாது. நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். பட்டவன் நான்.

என் பெயர் இளவழகன். ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் டெக்னீஷியன். ஏழு வருடமாக ஒப்பந்த வேலை. இதை விட்டுப் பெரிய கம்பெனியில் சர்வர் வேலைக்குப் போக வேண்டுமானால் ஒரு வித்தை தெரிந்திருக்க வேண்டும். ஒரே பெரிய கம்ப்யூட்டருக்குள் பத்துப் பதினைந்து சின்னக் கம்ப்யூட்டர்களை உருவாக்கி ஓட்டுவது. அவற்றுக்குத் தனியாக உடம்பு கிடையாது. பெரியதின் மெமரியில் கொஞ்சம், டிஸ்கில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு அதற்குள்ளேயே வாழும். வெர்ச்சுவல் மெஷின் என்பார்கள். புத்தகம் படித்தால் இது வராது. வீட்டில் ஒரு சர்வர் வைத்து, போட்டு உடைத்துப் பழக வேண்டும். ஜனவரியில் எனக்கு பெங்களூரில் ஒரு இன்டர்வியூ இருந்தது. அதை ஏற்பாடு செய்தவன் செழியன்.

செழியன் ஆறாம் வகுப்பிலிருந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன். ஹரித்ராநதித் தெப்பக்குளப் படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு பேரும் பரீட்சைக்குப் படித்திருக்கிறோம். என் அப்பா இறந்தபோது ஒரு வாரம் என்னோடு தங்கியிருந்தான். இப்போது பெங்களூரில் சர்வர் வேலையில் இருக்கிறான். அவன் ஒன்று சொன்னால் நான் ஏன் என்று கேட்டதில்லை.

நான் முதலில் பார்த்து வைத்திருந்தது ஒரு மினி பிசி. டிபன் பாக்ஸ் அளவுதான். சத்தம் இல்லை. கரண்ட் அதிகம் இழுக்காது. எங்கள் மாடி அறையின் பழைய வயரிங்குக்கு அது போதும். ஆர்டர் போடுவதற்கு முன் அவனிடம் கேட்டேன். மினி பிசி பொம்மைடா என்றான். பழைய டவர் சர்வர் ஒன்று தஞ்சாவூரில் நெய்னா முகம்மது கடையில் இருக்கிறது, இரண்டு பிராசஸர், அறுபத்து நான்கு ஜிபி மெமரி, அதை எடு என்றான்.

எனக்குச் சந்தேகங்கள் இருந்தன. மூன்று வாரம் வாட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். சத்தம் போடுமே? சத்தத்துக்குப் பயந்தால் சர்வர் கற்றுக்கொள்ள முடியாது என்றான். சூடாகுமே? ஜன்னல் பக்கம் வை என்றான். இங்கே வோல்டேஜ் ஏறி இறங்குமே? அது எல்லாம் தாங்கும், என்னை நம்பு என்றான். எதற்கும் பதில் தாமதமானதே இல்லை. இவ்வளவு அக்கறையா என்று மனம் குளிர்ந்துபோனது.

கடைசியில் தஞ்சாவூர் போய் அந்தச் சர்வரையே எடுத்து வந்தேன். அதில் பழைய டிஸ்க் மட்டும் வேண்டாம் என்று நானே முடிவு செய்தேன். புதிதாக இரண்டு வாங்கினேன். இது முக்கியம். டிஸ்க் இரண்டும் புதிது. உறை பிரித்தவன் நான். அவற்றுக்குள் ஒரு எழுத்துகூடக் கிடையாது.

அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்தே மழை. நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் வரப்பைத் தொட்டு நின்றது. மதிவதனி தன் அக்கா வீட்டுக்குத் திருவாரூர் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும்தான்.

மூன்று பத்துக்கு சர்வரைப் போட்டேன். ஃபேன்கள் மாவு மில் மாதிரி அலறின. பிறகு கொஞ்சம் அடங்கின. லேப்டாப்பிலிருந்து வைஃபை வழியாக உள்ளே போகும்படி எல்லாம் அமைத்து முடித்தபோது மூன்று நாற்பது.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு என் முதல் வெர்ச்சுவல் மெஷினை உருவாக்கினேன். முதலாவதுக்கு இவற்றை உருவாக்கும் மென்பொருள் தானாகவே 100 என்று எண் கொடுக்கும். எங்கள் லேபில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

எனக்கு 101 கொடுத்தது.

நான் எதையாவது தவறாக அழுத்தியிருப்பேன் என்று நினைத்தேன். செழியனுக்கு மெசேஜ் போட்டேன். முதல் மெஷினுக்கே 101 வருது, ஏன்டா என்று. உடனே இரண்டு நீல டிக். படித்துவிட்டான். பதில் இல்லை. மூன்று வாரத்தில் முதல்முறையாகப் பதில் இல்லை.

நான்கு ஐந்துக்கு இன்னொன்றைக் கவனித்தேன். மெமரியில் பதினாறு ஜிபி ஏற்கெனவே செலவாகிக்கொண்டிருந்தது. என்னுடைய 101-ஐ நான் இன்னும் ஓட்டவே இல்லை.

நான்கு இருபது. ஃபேன்கள் நின்றன.

ஒவ்வொன்றாக அல்ல. எல்லாம் ஒரே நேரத்தில். ஆனால் முன்பக்கப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஃபேன் இல்லாமல் இந்த மாதிரி மெஷின் கொஞ்ச நேரத்திலேயே கொதித்துவிடும். பதறிப்போய்ப் பக்கவாட்டுத் தகட்டில் கை வைத்தேன்.

சில்லென்று இருந்தது.

மழைச் சத்தத்துக்கு நடுவே இன்னொரு சத்தம் கேட்டது. டக்... டக் டக்... டக்... யாரோ நிதானமாகக் கீபோர்டில் தட்டுவது போல. என் கை கீபோர்டில் இல்லை. பெட்டியோடு காதை ஒட்டினேன்.

உள்ளேயிருந்துதான் வந்தது.

நான்கு முப்பத்தொன்று. லேப்டாப் திரையைப் பார்த்தேன். பட்டியலில் 101-க்கு மேலே 100 வந்திருந்தது. பெயர் இல்லை. ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று பக்கத்தில் காட்டும். 356 நாள் என்று காட்டியது.

சர்வரைப் போட்டு ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை.

நான்கு நாற்பதுக்கு அதைத் திறந்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. தமிழைத்தான் ஆங்கில எழுத்தில் அடித்திருந்தது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் தேதியும் பெயரும் இருந்தன. இரண்டே பெயர்கள். பிரகதா. செழியன்.

முதல் வரிகள் 2024 ஏப்ரல். 'அண்ணா, மினி பிசி போதுமா?' என்று பிரகதா கேட்டிருந்தாள்.

'மினி பிசி பொம்மைம்மா.'

'சத்தம் போடுமே அண்ணா?'

'சத்தத்துக்குப் பயந்தா சர்வர் கத்துக்க முடியாதும்மா.'

'எங்க ஊர்ல வோல்டேஜ் ஏறி இறங்கும்.'

'அது எல்லாம் தாங்கும். என்னை நம்பு.'

என் போனை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து அதே பதில்கள். எனக்கு 'டா' போட்டிருந்த இடத்தில் அவளுக்கு 'மா' போட்டிருந்தான். அவ்வளவுதான் வித்தியாசம்.

பயத்துக்கு முன்னால் எனக்கு வந்தது வேறொன்று. மூன்று வாரம் எனக்காக உட்கார்ந்து யோசித்துச் சொல்கிறான் என்று நினைத்தேனே...

கீழே போனேன். அடுத்த வரிகள் 2024 நவம்பர் 17. இவற்றில் செழியனின் பெயர் இல்லை. அவள் மட்டும்தான்.

'அண்ணா, முதல் மெஷினுக்கே 101 வருது. ஏன்?'

'அண்ணா, ஃபேன் நின்னுடுச்சு.'

'அண்ணா, உள்ள யாரோ தட்டறாங்க.'

'அண்ணா, போனை எடுங்க.'

நான்கு நாற்பத்தாறுக்கு அதை என் போனில் படம் எடுத்தேன். முதல் இரண்டு படம் கலங்கிவிட்டது. மூன்றாவது தெளிவாக வந்தது.

செழியனுக்கு நான்கு முறை போன் செய்தேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. பிரகதா யாருடா என்று மெசேஜ் போட்டேன். நீல டிக். டைப் செய்கிறான் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நின்றது.

பிறகு ஆஃப்லைன் போய்விட்டான்.

ஐந்து பன்னிரண்டு. பெட்டிக்குள் மறுபடி... டக் டக்.

திரையில் புது வரி வந்தது. இன்றைய தேதி.

'அண்ணா?'

நான் அசையவில்லை.

'நீங்க செழியன் அண்ணா இல்ல.'

டக்... டக் டக்...

'நீங்க யாரு?'

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. ஐந்து ஐம்பத்திரண்டுக்கு கரண்ட் போனது. தெருவே இருண்டது. வைஃபை பெட்டி அணைந்தது. எனக்கு அப்பாடா என்று இருந்தது.

சர்வரின் பச்சை விளக்கு அணையவில்லை.

யுபிஎஸ் நான் இன்னும் வாங்கவே இல்லை. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன். வயர் என் கையில் தொங்கியது.

விளக்கு எரிந்தது.

லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. வைஃபை இல்லை. எந்த வயரும் இல்லை. அதில் எதுவும் மாற வழியே இல்லை.

மாறியது.

'நானும் பிடுங்கிப் பார்த்தேன்.'

எப்படிப் படி இறங்கினேன் என்று தெரியாது. செருப்பு இல்லாமல் தெருமுனை டீக்கடையில் போய் நின்றேன். ஆறரைக்கு மதிவதனி பஸ்ஸில் வந்து இறங்கியபோதுதான் எனக்குப் பேச்சு வந்தது. கரண்ட் வந்த பிறகு அவளும் என்னோடு மாடிக்கு வந்தாள். சர்வர் செத்துக் கிடந்தது. போட்டுப் பார்த்தோம். ஃபேன் ஓடியது. பட்டியலில் 101 மட்டும் இருந்தது. என் போனில் அந்தப் படம் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மதிவதனியின் போனிலிருந்து செழியனை அழைத்தேன். தெரியாத நம்பர். எடுத்தான்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாடா?"

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"செழியா, உன்னைத்தான்."

"ஒரு வருஷமா அவகிட்டேர்ந்து மெசேஜ்டா. பகல்ல, ராத்திரியில, ஆபீஸ்ல இருக்கிறப்ப. நம்பரை பிளாக் பண்ணாலும் வரும். பெட்டியைக் கொண்டுபோய் நெய்னா கடையில போட்டப்புறமும் வந்துச்சு. நீ அந்தப் பெட்டியை எடுத்துட்டுப் போன அன்னைக்குத்தான் நின்னுச்சு."

"அதுக்கு நான்தான் கெடைச்சனா?"

"நான் சொன்னா மறுபேச்சு பேசாம வாங்கறவன் நீ ஒருத்தன்தான்டா."

மன்னித்துக்கொள் என்றுகூடச் சொல்லவில்லை. வைத்துவிட்டான். அதற்குப் பிறகு இன்றுவரை அவனோடு பேசவில்லை. ஜனவரி இன்டர்வியூவுக்கும் நான் போகவில்லை. முந்தின நாள் பயம்கூட மழை விட்ட மாதிரி கொஞ்சம் விட்டிருந்தது. இந்த ஒரு பதில் விடவில்லை. இருபத்திரண்டு வருட நட்பில் அவன் என்னைப் பற்றித் தெரிந்துவைத்திருந்தது இதுதான்.

அன்றைக்கே கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று சர்வரை வந்த அட்டைப்பெட்டியிலேயே வைத்தேன். தூக்கும்போது பெட்டியின் அடியில் ஒரு முகவரிச் சீட்டு ஒட்டியிருப்பது தெரிந்தது. செழியனின் கையெழுத்து. 'பிரகதாம்பாள், த/பெ நடராசன்' என்று எழுதி, திருவையாற்றில் ஒரு தெருவின் பெயரும் போட்டிருந்தது.

நெய்னா முகம்மது கடைக்குப் போகவில்லை. அந்தப் பெண்ணும் பயந்துபோய் இதைத் திருப்பி அனுப்பியிருப்பாள், செழியன் எடுக்காத போனை ஒரு வருடமாக அழைத்துப் பார்த்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவளிடம் பேசினால் என்ன நடந்தது என்று தெரியும். வாடகைக் காரில் பெட்டியை ஏற்றிக்கொண்டு திருவையாறு போனேன்.

பதினொன்றே காலுக்கு அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். நடராசன் கதவைத் திறந்தார். அறுபது வயதிருக்கும். பிரகதாவைப் பார்க்க வேண்டும் என்றேன். என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன விஷயம் என்று கேட்டார். போனில் அந்தப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"தேதி தப்பா இருக்குங்க தம்பி. நவம்பர்ல அவ இல்ல. ஆகஸ்ட் பதினாலாம் தேதியே போயிட்டா. டெங்கு."

காரில் இருந்த பெட்டியைக் காட்டி, இது உங்கள் வீட்டில் இருந்தது இல்லையா என்று கேட்டேன்.

"இதுவா அது?" என்று பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். "இது எங்க வீட்டுக்கு வரவே இல்லையே. செழியன் தம்பி தர்றேன்னு ஏப்ரல்ல சொன்னாரு. நாளைக்கு அனுப்பறேன், நாளைக்கு அனுப்பறேன்னு நாலு மாசம். இதை வெச்சுப் பழகித்தான் வேலைக்குப் போகணும்னு டேபிள் எல்லாம் போட்டுக் காத்துக்கிட்டிருந்தா. ஆஸ்பத்திரியில நினைவு தப்புற வரைக்கும் கேட்டுக்கிட்டேதான் இருந்தா, வந்துடுச்சாப்பான்னு."

பெட்டியை உள்ளே கொண்டுவந்து வைக்கச் சொன்னார். வைத்தேன். திரும்பி வரும்போது கேட்காமல் இருக்க முடியவில்லை. செழியனுக்கு ஒரு வருடமாக மெசேஜ் வந்தது என்கிறான், அவளுடைய போன் இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன்.

நடராசன் கண்ணாடியைக் கழற்றினார்.

"கல்யாணம் ஆகாத பொண்ணுன்னு எரிக்கலைங்க, புதைச்சோம். கடைசி வரைக்கும் போனைக் கையை விட்டு எறக்கல. அதையும் கையில வெச்சபடியேதான் புதைச்சோம்."