துளசிங்கம் இடித்த கிணறு

துளசிங்கத்துக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது நான்தான். அப்போது திருத்தணியில் எங்கள் சபை நடத்திய பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியாராக இருந்தேன். 1978 டிசம்பர் மாதம். மேசைக்கு எதிரே நாற்காலி போட்டும் உட்காராமல் நின்றுகொண்டே பதில் சொன்னார்.

"பிறந்த தேதி?"

"ஆடிக் கிருத்திகைக்கு மறுநாளுன்னு எங்கம்மா சொல்லும். காவடிக் கூட்டம் மலையிலேருந்து எறங்கிகினு இருக்கும்போது பொறந்தேனாம்."

"எந்த வருஷம்?"

"அதைச் சொல்லலைங்க."

ஆளைப் பார்த்து நாற்பது வயது என்று முடிவு செய்து, ஒரு வருஷத்தை எழுதினேன். பிறந்த மாவட்டம் என்ற இடத்தில் பேனா மறுபடி நின்றது. அவர் பிறந்தபோது திருத்தணி சித்தூர் ஜில்லாவில் இருந்தது. பிறகு ஆந்திராவுக்குப் போய், 1960-இல் திரும்ப இந்தப் பக்கம் வந்தது. அவர் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. ஊர்தான் அவரைத் தூக்கிக்கொண்டு இங்குமங்கும் போய் வந்தது. அப்பாவை நைனா என்று கூப்பிடும் குடும்பம். வீட்டில் பாதிப் பேச்சு தெலுங்கு. அவர் ரயிலேறிப் போனதே அரக்கோணம் வரைக்கும்தான். அவர்தான் இப்போது இலங்கைக்குப் போகப் போகிறார்.

அந்த நவம்பரில் இலங்கையின் கிழக்குக் கரையைப் பெரும் புயல் அடித்துப் போட்டிருந்தது. மட்டக்களப்புப் பக்கத்துச் சபை ஒன்றிலிருந்து எங்கள் போதகருக்குக் கடிதம் வந்தது. கூரை போன வீடுகள், காய்ச்சல், எல்லாவற்றுக்கும் மேலே கிணறுகள். கடல் ஏறி வந்து கிணறுகளில் உப்பும் சேறும் நிரம்பிவிட்டனவாம். போதகர் அதை ஆராதனையில் வாசித்தார். போக விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம் என்றார். சபையின் சிறு மருந்தகத்தில் நர்ஸாக இருந்த ஞானம்மாள் கொடுத்தார். தச்சு வேலை தெரிந்த இரண்டு பேர் கொடுத்தார்கள். கிணறு தெரிந்தவர் சபையில் ஒருவரும் இல்லை.

ஊரில் கிணறு என்றால் துளசிங்கம். எங்கள் பாறை மண்ணில் வெடி வைத்து அறுபது, எழுபது அடி இறங்கி, ஊற்றுக்கண் திறந்து மேலே வருகிறவர். வறட்சி வருஷம் ஒன்றில் பள்ளிக்கூடத்துக் கிணற்றை அவர்தான் ஆழப்படுத்தினார். போதகர் அவர் வீட்டுக்கே போய்க் கேட்டார்.

"நான் கோயிலுக்குப் போறவனுங்க. உங்க சபையில சேந்தவன் இல்லையே?"

"கெணத்துக்குள்ள எறங்கத் தெரிஞ்ச ஆளு வேணும், துளசிங்கம். நான் கேக்கறது அவ்வளவுதான்."

அவர் மனைவி கோவிந்தம்மாள் சம்மதிக்கவில்லை. "கடலு தாண்டிப் போயி அந்தக் கெணத்துல எறங்கணுமா? இங்க இருக்கிற கெணறு போதாதா?" என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள் மலையேறிக் கும்பிட்டுவிட்டு வந்து, அவருடைய வேட்டிகளைத் துவைத்துப் போட்டார். அதுதான் சம்மதம்.

மார்ச் மாதம் போதகரோடு சேர்த்து ஐந்து பேரும் ராமேஸ்வரத்தில் கப்பல் ஏறினார்கள். தலைமன்னாரில் இறங்கி, ரயிலும் லாரியுமாக மாறி மாறிப் போனார்கள். மட்டக்களப்புக்கு வடக்கே ஒரு கடலோர ஊர். தென்னைகள் வேரோடு ஒரே திசையில் படுத்துக் கிடந்ததைத் துளசிங்கம் பிற்பாடு எனக்குக் கையால் காட்டுவார். அங்கே இருந்தவர்களுக்கும் தமிழ்தான். ஆனாலும் இவர் "இன்னாம்மா, தண்ணி எப்டிக்கீது?" என்று கேட்டால் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்களாம். ஆமாம் என்பதற்கு அவர்கள் "ஓம்" என்று சொல்லும்போதெல்லாம் முதல் இரண்டு நாள் இவர் சாமி கும்பிடுகிறார்கள் என்றே நினைத்திருந்தார்.

வேலை நன்றாகத்தான் தொடங்கியது. அங்குள்ள சபை ஒரு டீசல் பம்பு கொடுத்தது. முதல் வாரத்தில் மூன்று கிணறுகளை இறைத்து, சேறு வாரி, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கொடுத்தார். மூன்றும் கல் கட்டிய பெரிய கிணறுகள். ஊர்க்காரர்கள் அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள். அவருக்கும் நடையில் கொஞ்சம் மிதப்பு வந்துவிட்டது என்று ஞானம்மாள் சொன்னார்.

நாலாவது மாரிப்பிள்ளையின் கிணறு. அங்கே பெண்களுக்கும் அப்படிப் பெயர் உண்டு. மாரிப்பிள்ளைக்கும் நாற்பது வயதிருக்கும். புருஷன் இறந்து பல வருஷம். மிளகாய்த் தோட்டம் வைத்திருந்தவர். அந்தக் கிணற்றை நம்பித்தான் பக்கத்து ஏழு வீடுகளும் இருந்தன. மணலில் செங்கல் கட்டிய சின்னக் கிணறு, பன்னிரண்டு அடிதான். துளசிங்கத்துக்கு அது கிணறாகவே படவில்லை. அரை நாள் வேலை என்று பம்பைப் போட்டார்.

தண்ணீர் இறைக்க இறைக்க உப்பு குறையவில்லை. எங்கள் ஊரில் பழைய தண்ணீர் முழுக்கப் போனால் புது ஊற்று வரும். அந்தக் கணக்கில் இரண்டாம் நாளும் பம்பை ஓட்டினார்.

"தண்ணியோட மணலும் வருது அண்ணன். நிப்பாட்டுங்க," என்றார் மாரிப்பிள்ளை.

"கொஞ்சம் மணலு வரும்மா. அடி வரைக்கும் எறைச்சாத்தான் நல்ல தண்ணி எறங்கும். நீ பயப்படாதே."

"இது மணல் கிணறு. இவ்வளவு இறைக்கக் கூடாது."

"நான் இருபது வருஷமா கெணறு வெட்டறவன்."

துளசிங்கம் கயிற்றைப் பிடித்து உள்ளே இறங்கி, அடிச் சேற்றை வார ஆரம்பித்தார். சிறிது நேரத்தில் மேலிருந்து மாரிப்பிள்ளையின் குரல் கேட்டது. "தேத்தண்ணி ஆறுது. இப்பவே மேல வாங்க!" தேநீருக்கு இத்தனை அவசரமா என்று எரிச்சலோடுதான் ஏறினார். ஏறி, துண்டை உதறித் தோளில் போட்டிருப்பார். பின்னால் மூட்டை விழுந்ததுபோல ஒரு சத்தம். திரும்பினால் ஒரு பக்கச் சுவரைக் காணோம். பார்த்துக்கொண்டு இருக்கும்போதே மறுபக்கமும் மணலோடு சரிந்து, பம்பின் குழாயையும் இழுத்துக்கொண்டு உள்ளே போனது. கிணறு இருந்த இடத்தில் ஒரு பள்ளம் மிஞ்சியது.

தேநீர் போடவே இல்லை. கிணற்றைச் சுற்றி மண் வெடித்திருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் மாரிப்பிள்ளை கூப்பிட்டிருக்கிறார். வெடித்திருக்கிறது என்று சொன்னால், இந்த மனுஷன் நின்று எதிர்வாதம் பேசுவார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஏழு வீட்டுக்காரர்களும் வந்து நின்றார்கள். யாரும் திட்டவில்லை. ஒரு பெண் மட்டும் குடத்தைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று துளசிங்கம் பல தடவை சொல்லியிருக்கிறார். மறுநாள் பூராவும் அவர் சாப்பிடவில்லை. அதற்கடுத்த நாள் விடிந்ததும் மாரிப்பிள்ளை வீட்டு வாசலுக்குப் போனார்.

"நீ சொன்னே. நான் கேக்கலே. தப்பு என்னுதும்மா."

"ஓம்," என்றார் மாரிப்பிள்ளை.

"இந்தக் கெணத்தை வெட்டுனது யாரு?"

"நானும் என்ட அண்ணனும்தான். அவர் குழியில, நான் கூடையில. ஏன் கேக்கிறீங்க?"

"அப்ப நீ சொல்லு, நான் வெட்டறேன்."

மாரிப்பிள்ளை வாசலிலேயே ஒரு குச்சியால் மணலில் கீறிக் காட்டினார். கடலோரத்தில் நல்ல தண்ணீர் மேலே மெல்லிசாக மிதக்கும், உப்புத் தண்ணீர் அதன் கீழே கிடக்கும். ஆழம் போனால் உப்புதான் கிடைக்கும். வேகமாக இறைத்தாலும் உப்பு மேலே ஏறிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு, மழை வந்து கழுவும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஆயுசு முழுக்க ஆழம் ஆழம் என்று போனவருக்கு, ஆழத்தில் தண்ணீர் இல்லை என்பது அன்றுதான் காதில் விழுந்தது.

குழு வந்து மூன்று வாரம் முடிந்திருந்தது. துளசிங்கம் போதகரிடம், "நீங்கல்லாம் போங்க. நான் இதை முடிச்சிட்டு வரேன்," என்றார். தனியாக விட்டுப் போகப் போதகருக்கு மனம் வரவில்லை. கொழும்புக்கு எழுதி இரண்டு பேருக்கும் தங்கும் அனுமதியை நீட்டி வாங்கினார். மற்ற மூவரும் கிளம்பினார்கள். ஞானம்மாள் திருத்தணிக்கு வந்ததும் நேரே கோவிந்தம்மாளைத்தான் பார்க்கப் போனார்.

"எங்க உங்ககூட வந்த மனுஷன்?"

"நல்லாக்கிறாரு. ஒரு கெணத்தை இடிச்சிட்டாரு. அதைக் கட்டிட்டுத்தான் வருவேன்றாரு."

கோவிந்தம்மாள் சிரித்தாராம். "வருவாரு. அரைகுறையா வுட்டுட்டு வர ஆளில்லே அது," என்றாராம்.

அங்கே பழைய இடத்திலிருந்து இருபதடி தள்ளி வேலை நடந்தது. சிமெண்டில் வட்டம் வட்டமாக வார்த்து, காயவைத்தார்கள். இவர் அதை உறை என்றார். அவர்கள் கொட்டு என்றார்கள். முதல் உறையை மணல்மேல் வைத்து, உள்ளே உட்கார்ந்து அடிமண்ணை நாலு பக்கமும் சமமாகச் சுரண்டினால், அது தன் பாரத்திலேயே இறங்கும். ஒரு பக்கம் அதிகம் சுரண்டினால் சாய்ந்துவிடும். துளசிங்கம் சுரண்டினார், மாரிப்பிள்ளை மேலே நின்று, "வடக்கால கொஞ்சம்… போதும்," என்று சொன்னார். போதகர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணல் கூடை சுமந்தார். ஒன்பதாவது அடியில் தண்ணீர் கசிந்தது. இன்னும் ஓரடி போகலாமா என்று துளசிங்கத்தின் கை அரித்தது. மேலே பார்த்தார். மாரிப்பிள்ளை வேண்டாமென்று தலையை ஆட்டினார். துளசிங்கம் நிறுத்திவிட்டார்.

தண்ணீர் லேசாகக் கரித்தது. குளிக்க, துவைக்க ஆகும். குடிக்க ஒரு மழைக்காலம் போக வேண்டும். முடித்து அவர் கிளம்பிய அன்றைக்கு மாரிப்பிள்ளை நிஜமாகவே தேநீர் போட்டுக் கொடுத்தார்.

ஏப்ரல் கடைசியில் ஊர் திரும்பினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பயண அறிக்கைக் கூட்டம். தச்சர்கள் பதினோரு வீட்டுக்குக் கூரை போட்டதைச் சொன்னார்கள். ஞானம்மாள் காய்ச்சல்காரர்களைப் பார்த்ததைச் சொன்னார். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். கடைசியில் துளசிங்கத்தை எழுந்து பேசச் சொன்னோம். நெற்றியில் விபூதியோடு எங்கள் ஆலயத்தில் நின்று அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

"மூணு கெணறு சுத்தம் பண்ணேன். ஒரு கெணத்தை இடிச்சேன். அந்தம்மா வாணாம்னு சொல்லிச்சு, நான் கேக்கலே. என் உசுரையும் அந்தம்மாதான் காப்பாத்திச்சு. அப்பால அது சொன்னாப்பல ஒண்ணு கட்டினோம். அவ்ளோதாங்க."

உட்கார்ந்துவிட்டார். சபை மூப்பர் ஒருவர், உதவி செய்யப் போன இடத்துச் சேதத்தையெல்லாம் இப்படிப் பொதுவில் சொல்ல வேண்டுமா என்று பிறகு போதகரிடம் குறைப்பட்டார். "அது நடந்துச்சு. நானும் கூடத்தான் மண் சுமந்தேன்," என்று மட்டும் போதகர் சொன்னார்.

அடுத்த தை மாதம் மாரிப்பிள்ளையின் கடிதம் சபை முகவரிக்கு வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். மழை நன்றாகப் பெய்ததாம். தண்ணீர் இனிக்கிறதாம். ஏழு வீட்டாரும் குடிக்கிறார்களாம். துளசிங்கம் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு வருஷத்துக்கு ஒன்று வந்தது. 1983-க்கு அப்புறம் ஒன்றும் வரவில்லை. நாங்கள் மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை. அங்கே சண்டை என்று பேப்பரில் வரும்போதெல்லாம் அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்து, "எந்தப் பக்கம்னு போட்டுக்கீறான்?" என்று கேட்பார்.

1984 நவம்பரில் நெல்லூர்க் கரையில் புயல் அடித்தது. சபையில் கூட்டம் போடுவதற்குள் துளசிங்கமே வந்து, எப்போது கிளம்புகிறோம் என்று கேட்டார். இந்தத் தடவை நானும் போனேன். கடலோரக் குப்பம் ஒன்றில் பம்பை லாரியிலிருந்து இறக்கி வைத்தோம். இளைஞர்கள் சிலர் உடனே போட அவசரப்பட்டார்கள். துளசிங்கம் இன்ஜின்மேல் கையை வைத்துக்கொண்டு, கிணற்றடியில் நின்ற பெண்களிடம் தெலுங்கில் கேட்டார்: "இந்தக் கிணத்தை வெட்டுனது யாரு? அவங்களைக் கொஞ்சம் கூப்பிடுங்க."

வெட்டியவர் வலை பின்னிக்கொண்டு இருந்தார். வர அரை மணி நேரம் ஆனது. அதுவரை துளசிங்கம் மணலில் உட்கார்ந்து பீடி பிடித்தார்.