மாமா மயங்கிய ஒத்திகை

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது மாமாவும் அம்மாவும் நானும் ஒரு சனிக்கிழமை காயக்காரராக நடிக்கப் போனோம். பெரிய விபத்து ஏதும் நேர்ந்தால் தீயணைப்புப் படையும் பொலிஸும் அம்புலன்ஸும் எப்படிச் சேர்ந்து வேலை செய்வது என்று மிச்சம் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பழைய பஸ் டிப்போவில் ஒத்திகை வைத்தார்கள். ஆங்கிலம் சரியாகத் தெரியாத காயக்காரரும் வேண்டுமாம். பங்குக் கோயிலில் கேட்டபோது அம்மாவின் தம்பியான மாமாதான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார்.

எனக்கு நெற்றியில் ரத்தம் பூசினார்கள். அம்மாவுக்குக் கை முறிவு. மாமாவுக்கு வெறும் மயக்கம்.

“இவ்வளவு தூரம் வந்து சும்மா படுத்துக் கிடக்கிறதோ?” என்று குறைப்பட்டார்.

தொடங்கச் சுணங்கியது. தொடங்கியதும் நான் தொண்டை கிழியக் கத்தினேன். வந்த தீயணைப்பு வீரரோ என்னைத் தாண்டி, சத்தமே போடாத மாமாவிடம் போனார். மூச்சைப் பார்த்து, ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தார். கத்துகிறவளை விட்டுவிட்டு இதென்ன வேலை என்று எட்டிப் பார்த்தேன். மாமாவின் சட்டை வியர்வையில் தோய்ந்திருந்தது. காலையில் இன்சுலின் போட்டவர். சாப்பாடு தருவார்கள் என்று வெறும் வயிற்றோடு இருந்துவிட்டார். உலுக்கினேன். கண் திறந்தது, என்னைப் பார்க்கவில்லை.

“அம்மா, மாமாவுக்கு உண்மையாவே ஏலாமல் கிடக்கு!”

அந்த வீரரிடமே ஓடிப்போய் ஆங்கிலத்தில் சொன்னேன். நன்றாக நடிக்கிறாய் என்று கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போனார்.

அம்மா முறிந்த கையையும் வீசிக்கொண்டு எழுந்தார். “காலமை ஒரு சொல்லுச் சொன்னவையெல்லே? அதைச் சொல்லு பிள்ளை!”

உண்மையிலேயே யாருக்கும் ஏதும் நடந்தால் மட்டும் சொல்லவேண்டிய சொல் அது. “நோ டஃப்! நோ டஃப்!” என்று கத்தினேன்.

ஒரு விசில் ஊதியது. அலறிக்கொண்டிருந்த அவ்வளவு பேரும் சட்டென்று அடங்கினார்கள். அம்புலன்ஸ்காரி ஓடிவந்து மாமாவின் கன்னத்துக்குள் இனிப்புக் களிம்பைத் தடவினார். பொலிஸ்காரர் வழி விலக்க, நிஜ அம்புலன்ஸ் உள்ளே வந்தது. கொஞ்ச நேரத்தில் மாமா முழித்து, “முடிஞ்சுதோ?” என்று கேட்டார்.

பிறகு எல்லாரையும் வட்டமாக இருத்தினார்கள். முதலில் யாரிடம் சொன்னாய் என்று ஓர் அதிகாரி என்னைக் கேட்டார். அந்த மனிதருக்குப் பேச்சு விழுமே என்று நான் வாய் திறக்கவில்லை. அவரே எழுந்து, “என்னிடம்தான். நடிப்பென்று நினைத்துவிட்டேன்” என்றார். யாரும் ஏசவில்லை. அதிகாரி அவருக்கு நன்றி சொன்னார். அதைப் பற்றியே மூன்று பிரிவினரும் நெடுநேரம் பேசினார்கள். பிழை விட்டவருக்கு எதற்கு நன்றி என்று எனக்கு விளங்கவில்லை. எங்களால் அவர்களுடைய ஒத்திகை வீணாகிவிட்டதே என்ற கவலையோடுதான் டிராமில் வீடு வந்தேன்.