துலூமில் நாங்கள் இரண்டு பேர் நின்றோம்

றோசலின் அக்கா செத்துப்போனார் என்று போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் வேலையிடத்துப் பெண் ஒருத்தி ரெலிபோனில் சொன்னாள். அடுத்த மூச்சிலேயே, "பாவம், தனிக்கட்டை. ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்காமல் போட்டா" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்குக் கரைச்சல் கொடுத்தது யார் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டிருந்தால் முதல் பெயர் என்னுடையதாகத்தான் இருந்திருக்கும்.

ஸ்காபரோவில் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கிற தொழிற்சாலையில் ஏழு வருடம் நாங்கள் பக்கத்துப் பக்கத்து மெஷின். அவர் மன்னார், ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரர். நான் யாழ்ப்பாணம், சைவம். புதிதாக வந்த பிள்ளை ஒருத்தியை சூப்பவைசர் ஒருநாள் கண்டபடி ஏசினான். அக்கா மெஷினை நிறுத்திவிட்டு, தனக்குத் தெரிந்த இங்கிலிசில், "என்னைப் பார்த்துக் கத்து, எனக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்றார். அவன் திரும்பிப் போய்விட்டான். அப்படிப்பட்ட மனிசி.

இரண்டு பேருக்கும் ஒரே மாதத்தில் கனடாப் பாஸ்போட் கிடைத்தது. ஊர்ச் சனம் சண்டையில் இடம்பெயர்ந்து மரங்களுக்குக் கீழே கிடந்த மாரிகாலம் அது. அந்த நேரத்தில் ஹொலிடே என்று வாய் திறந்தால் இங்கே காறித் துப்புவார்கள். அக்காவோ, "அகதியெண்டு ஓடினது காணுமடி சாந்தி. ஒருக்காலெண்டாலும் ஆக்களைப்போலப் போட்டு வருவம்" என்றார். என் கணவரும் மறிக்கவில்லை. "ஒருத்தருக்கும் சொல்லாமல் போட்டு வா" என்றார். ஒரு கிழமைக்கு மெக்சிக்கோ போனோம்.

நாலாம் நாள் காலை துலூம் என்ற பழைய கடலோர நகரத்தைப் பார்க்கப் போக வெளிக்கிட்டு நிற்கும்போது ஹோட்டலுக்குக் கணவரின் கோல் வந்தது. "ஐயா வன்னியிலை மோசம் போட்டார். சனம் வீட்டை வருகுது. நீ மொன்றியலிலை உன்ர தங்கச்சியின்ர பிள்ளைப்பெறுவுக்கு நிக்கிறாயெண்டு சொல்லிப்போட்டன். வாயைத் திறந்திடாதை." மாமனார் செத்த வீட்டு மருமகள் கடற்கரையில் நிற்கிறாள்! நான் கட்டிலில் இருந்து குழறினேன். அக்கா சொன்னார்: "பிளேன் ஞாயிற்றுக்கிழமைதான். அறைக்குள்ளை இருந்து அழுதாலும் ஞாயிறுதான். எழும்பு."

மாயன்கள் கட்டிய கற்கோயில்கள் கடலோரத்துப் பாறைமேல் நின்றன. இடிந்த சுவர்களில் உடும்பளவு ஓணான்கள் வெயில் காய்ந்தன. ஒரு வாசலுக்கு மேலே தெய்வம் ஒன்று தலைகீழாக விழுவதுபோலச் செதுக்கியிருந்தது. அக்கா அண்ணாந்து பார்த்து, "கடவுளே உப்பிடித் தலைகீழாய் விழுறார். பிறகு நாங்கள் எம்மட்டு?" என்றார். அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு என்னைக் கீழே கூட்டிப்போனார். "செத்தவீடு கேட்டால் நீங்கள் தலை முழுகிறனீங்களெல்லோ? இறங்கு." பிக்கினிக்காரிகளுக்கு நடுவே, சட்டையோடு கடலில் இறங்கி மாமாவுக்காக மூன்று தரம் முழுகினேன். வேதக்காரி கரையில் துவாயோடு நின்று எனக்காகச் செபம் சொன்னார். தலை துவட்டிய பிறகு நான்தான் அவரைக் கோயிலுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தேன்.

அந்தப் படத்தை அவர் வேலைக்குக் கொண்டுவந்தார். "ஆர் எடுத்தது?" என்று ஒருத்தி கேட்டாள். அக்கா என்னை ஒருதரம் பார்த்தார். "தனியத்தான் போனன். ஆரோ ஒரு வெள்ளைக்காரன் எடுத்தவன்." நான் குனிந்து ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தேன். சனத்துக்கு அந்த வெள்ளைக்காரன் போதும். ஈஸ்ரருக்கு முன்னமே, இதை வாசிக்கிற நீங்கள்தான் அவனுக்குக் கையும் காலும் வைத்துவிட்டீர்கள்.

அப்போது அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது. ஒஷாவாவில் இருக்கிற, மனைவியை இழந்த ஒருவருக்கு அவரைக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் தமக்கை, பெண் எப்படி என்று விசாரிக்க எனக்கே கோல் எடுத்தார். இந்தத் தமக்கை வெக்ஸ்போர்ட்டில் என் மச்சாள், கணவரின் சகோதரி, இருக்கிற அப்பார்ட்மென்றிலேயே இருக்கிறவர். "மெக்சிக்கோவுக்கு ஆரோடை போனவ?" என்று கேட்டார். என்னோடுதான் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் அந்தச் சொல் அன்று பின்னேரமே மச்சாளின் காதுக்குப் போய்விடும். "தனியப் போனதெண்டுதான் சொன்னவ. எனக்கு வேறை ஒண்டும் தெரியாது" என்றேன். கலியாணம் குழம்பிப்போயிற்று. அக்கா என்னிடம் கோபிக்கக்கூட இல்லை. "விடடி. அவர் குறட்டை விடுவாராம், தப்பினன்" என்றார். அந்த மனிதரை அவருக்குப் பிடித்திருந்தது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

சனிக்கிழமை பெட்டியருகே நின்றேன். அதே தமக்கை வந்து, "நல்ல மனிசி. நீங்கள் வலு நெருக்கமோ?" என்றார். பெட்டியில் கிடக்கிறவரைப் பார்த்துக்கொண்டே, "ஒரே இடத்திலை வேலை செய்தனாங்கள்" என்று சொன்னேன். மச்சாள் பக்கத்தில் நின்றாள். தூ, இதுவும் ஒரு வாய்.

அவருடைய பொருள் ஒன்றும் என்னிடம் இல்லை. எனக்காக அவர் சொன்ன பொய் மட்டும் இருக்கிறது. மூன்று வருடம் அதற்குள் சொகுசாக இருந்தேன். இதைப் பேப்பரில் வாசித்துவிட்டு வீட்டில் கணவர் சத்தம் போடுவார், போடட்டும். றோசலின் அக்கா தனியப் போகவில்லை. நான் கூடப் போனேன். இனி இது ஒருவருக்கும் பிரயோசனப்படாது என்று தெரிந்த பிறகுதான் இதை எழுத எனக்குத் துணிவு வந்திருக்கிறது.