உரிக்காத ஸ்டிக்கர்

குனோங் ராபாட் வீட்டின் பின்னறைதான் யேசுதாசனுக்கு உலகம். பாசார் காராட் பழைய பொருள் சந்தையில் பொறுக்கிய, மின்சாரம் அளக்கும் பழைய மீட்டர்கள் அலமாரி கொள்ளாமல் கிடக்கும். படுக்கையில் விழுந்த மனைவி இசபெல்லா முன்னறையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்ததால், ஓர் அழைப்பு மணி செய்தார். பொத்தான் அவள் கட்டிலில், பஸ்ஸர் இவர் மேசைக்கு மேல்.

"சும்மா கத்தாதே லா. வேணும்னா இத அமுக்கு, வாரேன்."

அதன்பின் அவள் கத்தவில்லை. மணியும் அடிக்கவில்லை. இவர் நிம்மதியாக ஈயம் உருக்கிக்கொண்டிருந்தார்.

அவள் அடக்கம் முடிந்த மூன்றாம் வாரம், பாகங்களுக்காக மணியைக் கழற்றினார். பஸ்ஸரின் ஒலித்துளையை மூடி, வாங்கும்போதே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. உரிக்க மறந்திருக்கிறார். விசிறி ஓடும் அறையில் அந்த முனகல் எங்கே கேட்கும்?

அவள் அமுக்கியே இருக்கமாட்டாள் என்று நினைத்துக்கொண்டார். அமுக்கினால்தானே பேட்டரி இறங்கும். அன்று புதிதாகப் போட்ட ஒன்பது வோல்ட் பேட்டரி.

மீட்டரை வைத்தார். நாலு வோல்ட் காட்டியது. மீட்டர் பழசு என்று வேறொன்றை எடுத்தார். அதுவும் நாலு. அலமாரியில் இன்னும் ஆறு மீட்டர்கள் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்தார்.