புருஷன் கிடந்த பேறுகாலம்

நாங்கள் உப்புக் குறவர்கள். என் மாமனார் காலத்தில் கடற்கரையிலிருந்து கழுதை மேல் உப்பேற்றி ஓமலூர்வரை வந்து, கம்புக்கும் கேழ்வரகுக்கும் மாற்றினார்களாம். ரயில் வந்து அந்தப் பிழைப்பைப் பிடுங்கிக்கொண்டது. அப்புறம் ஈச்சங்கூடை முடைந்தோம். சர்க்காரோ எங்களைத் திருட்டுச் சாதி என்று முத்திரை குத்தியது. எங்கே ஆடு காணாமல் போனாலும் முதல் அடி எங்கள் குடிசைக்குத்தான்.

எங்களில் மனைவிக்குப் பேறுகால வலி கண்டால், புருஷன் பெருங்காயமும் மிளகும் இடித்த மருந்தைத் தின்று, கம்பளி போர்த்திப் படுத்துவிடுவான். தொப்புள்கொடி விழும்வரை அவன் கால் தரையில் படக்கூடாது. பட்டால் பிள்ளை தங்காது. ஊர்க்காரர்களுக்கு இது நல்ல வேடிக்கை. எனக்கு முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் மகள் பிறந்தபோது என் புருஷன் புரண்டுகூடப் படுக்கவில்லை.

மறுநாள் காலை தலையாரியும் நாலைந்து பேரும் தடியோடு வந்தார்கள். மேச்சேரிப் பக்கம் ஒரு பட்டியில் ஆடு திருட்டுப் போயிருந்தது. காவல்காரன் வீசிய தடி காலில் பட்டு, திருடன் நொண்டிக்கொண்டே ஓடினானாம். வந்த வேகத்தில் என் புருஷனின் கம்பளியை உருவினார்கள்.

"எந்திரிச்சு நடந்து காட்டுடா" என்றான் தலையாரி.

"பச்சப்புள்ள ஊடுங்க சாமி, அவரு எந்திரிக்கக் கூடாதுங்க. காலப் பாருங்க, வீக்கமே இல்லீங்க" என்று கும்பிட்டேன்.

"உள்ளடி பட்டிருக்கும். அதான் நடக்க மாட்டேங்கறான்."

நாலு எட்டு நடந்திருந்தால் போயிருப்பார்கள். அவர் மகளைப் பார்த்தார், பாயை இறுகப் பிடித்துக்கொண்டார். முதல் அடி இடுப்பில் விழுந்தது. அடுத்தது வாயில், பல் தெறித்தது.

"எந்திரிய்யா! புள்ள போனாப் போவுது, எந்திரி!" பெற்றவள் நானே கத்தினேன். அவர் மாட்டேன் என்று தலையாட்டினார்.

ஈச்சமட்டை சீவும் கத்தியை எடுத்துத் தலையாரியின் தோளில் வெட்டினேன். இன்னும் ஆழமாக வெட்டியிருக்கலாம் என்றுதான் இன்றைக்கும் தோன்றுகிறது. ஒருவன் என் வயிற்றில் உதைத்தான். பச்சை உடம்பு, பாயெல்லாம் ரத்தம். இன்னொருவன் அவர் முழங்காலில் தடியை இறக்கினான். எலும்பு முறிந்தது என் காதில் கேட்டது.

பிறகு இருபுறமும் பிடித்து அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். கால் தரையில் பட்டது. அவ்வளவு அடிக்கும் வாய் திறக்காத மனுஷன் அப்போதுதான் அலறினார், "எம்புள்ள, எம்புள்ள" என்று.

"பாத்தீங்களா, நொண்டறான்" என்றான் தலையாரி.

ஆடு திருடியதோடு நான் வெட்டிய வெட்டையும் அவர் மேலேயே கட்டி ஜெயிலுக்கு அனுப்பினார்கள். உள்ளே அவருக்கு வீட்டுச் சேதி சொல்ல ஆளில்லை.

அவர் திரும்பி வந்தபோது குடிசைக்கு வெளியே மகள் கோழியைத் துரத்தி ஓடிக்கொண்டிருந்தாள். தடியை ஊன்றி நின்று அவளையே பார்த்தார்.

"யாரூட்டுப் புள்ள இது?" என்று என்னைக் கேட்டார்.