கையசைத்தால் வருகிறாரே!

போன வருஷம் கத்திரி வெயில் நேரம். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பாதி வழியில் வானம் கறுத்தது. புழுதியைச் சுருட்டிக்கொண்டு சூறைக்காற்று அடித்தது, பின்னாலேயே மழை. எதிரே என்ன வருகிறது என்றே தெரியவில்லை. ஒரு கிராமத்து நிறுத்தத்துக்குச் சற்று முன்னால் டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார்.

நின்றதுதான் தாமதம், மேலே படாரென்று ஒரு சத்தம். நீலமாகத் தீப்பொறி பறந்தது. சாலையோர மின்கம்பம் சாய்ந்து, கம்பி அறுந்து பஸ் மேல் விழுந்து, ஒரு முனை சாலையில் தேங்கிய தண்ணீருக்குள் கிடந்தது.

"யாரும் எறங்காதீங்க. இரும்பு எதையும் தொடாம சீட்லயே குந்துங்க" என்றார் டிரைவர். கண்டக்டர் உடனே மின்வாரியத்துக்குப் போன் போட்டார்.

மழை சற்றுத் தணிந்து சாலை தெரிந்தது. அப்போதுதான் என் முன் சீட்டில் இருந்தவர் பதறி எழுந்தார். "ஐயோ, அது என் சம்சாரம்ங்க. கொட எடுத்துக்கினு வருது."

நிறுத்தத்தின் பக்கமிருந்து ஒரு பெண், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, மடக்கிய குடையோடு பஸ்ஸை நோக்கி வந்துகொண்டிருந்தார். எங்களுக்கும் அவருக்கும் நடுவே அந்தத் தண்ணீர்.

எல்லோரும் கத்தினோம். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. கையை ஆட்டினோம். கூப்பிடுகிறோம் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் நடையை எட்டிப் போட்டார். டிரைவர் ஹாரன் அடித்தார். இன்னும் வேகமாக வந்தார்.

கணவர் படிக்கட்டுக்குப் பாய்ந்தார். இரண்டு பேர் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தார்கள். "வுடுங்கய்யா, வுடுங்க" என்று திமிறினார்.

"போன் போடுங்க" என்றேன். அவர் எடுத்து மனைவியின் எண்ணைத் தேடினார், பதற்றத்தில் தப்புத் தப்பாகவே அழுத்தினார். பிடுங்கி நானே போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பெண் நடந்துகொண்டே இருந்தார். தண்ணீரின் விளிம்புக்குக் கொஞ்ச தூரம்தான். சட்டென்று நின்றார். இடுப்பிலிருந்து போனை எடுத்தார்.

"அங்கயே நில்லுங்க. தண்ணில கால் வெக்காதீங்க. கரண்டு கம்பி கெடக்குது" என்று கத்தாமல், நிதானமாகச் சொன்னேன்.

"நீங்க யாரு? அவரு போனு உங்ககிட்ட எப்பிடி? அவருக்கு என்னா ஆச்சி?"

"நல்லா இருக்காரு. என் பக்கத்துலதான் இருக்காரு. நீங்க அப்பிடியே பின்னால போங்க."

அவர் குனிந்து தண்ணீரைப் பார்த்தார். பிறகு மெல்லப் பின்வாங்கி, தூரத்தில் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றார். கணவர் சீட்டில் சரிந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார்.

மின்வாரிய ஆட்கள் வந்து, மின்சாரத்தை நிறுத்தி, கம்பியை அகற்றிய பிறகுதான் இறங்கினோம். கணவர் என்னைக் காட்டியதும், அந்தப் பெண் நேராக என்னிடம் வந்தார். நனைந்த கையால் என் கன்னத்தைத் தொட்டார், அவ்வளவுதான்.

ஒரு பஸ் நிறைய மனிதர்கள் தொண்டை கிழியக் கத்தியும் நிற்காதவரை, காதருகே நிதானமாகச் சொன்ன ஒரு வார்த்தை பின்வாங்க வைத்தது. இப்போதெல்லாம் ஆபத்து என்று வந்தால் முதலில் என் குரலைத்தான் நிதானமாக்கிக்கொள்கிறேன்.