ஓடைக்கு இந்தப் பக்கத்துக் காலடி

கன்னத்தை மண்ணில் ஒட்டவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கோட்டை வாசலில் குப்புறக் கிடக்கிறார் லோப்பே. காலை வெயில் சாய்வாக விழும் அந்தக் கொஞ்ச நேரம்தான் அவருக்குத் தடம் பார்க்கத் தோதான நேரம். "தச்சன் கழுதை வெளிய போயிருக்கு. பின்னால பாதிரியார் போயிருக்காரு. ஓட்டமாப் போயிருக்காரு, குதிகால் பதியவே இல்ல." எழுந்து தாடி மண்ணைத் தட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவார். அவர் தலை தெரிந்ததுமே பெனால்தா ஊர்ப் பெண்கள் அவசர அவசரமாக வாசலைப் பெருக்குவார்கள். யார் வீட்டுக்கு யார் வந்துபோனார்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடக் கூடாதே!

முகம் பார்த்து ஆளை அடையாளம் கண்டுகொள்ள அவருக்கு வராது. சொந்த மைத்துனர் புதுச் செருப்புப் போட்டு வந்தால், "யாருப்பா நீ, எந்த ஊரு?" என்பார். மனைவி சாஞ்சா தலையில் அடித்துக்கொள்வாள். "கல்யாணத்தன்னிக்கே இந்த மனுசன் என் மூஞ்சியப் பாக்கல. காலத்தான் பாத்தாரு."

இப்படிப்பட்டவரை நம்பித்தான் இரண்டு அரசர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். கிறிஸ்தவரான நம் கஸ்தீல் ராஜாவுக்கும், ஓடைக்கு அக்கரையில் மூர்களை, அதாவது முஸ்லிம்களை, ஆளும் கிரனாடா சுல்தானுக்கும் மூன்று வருஷச் சமாதானம். ஆளோ மாடோ காணாமல் போனால், லோப்பே எல்லை ஓடைவரை தடத்தைத் தொடர்ந்துபோய், எதிர்க்கரையில் தடம் பார்ப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும். தடம் எந்தக் கரையில் ஏறுகிறதோ, அந்தக் கரைக்காரர்கள் களவு போனதைத் திருப்பித் தர வேண்டும். தராவிட்டால் சண்டை.

போன அறுவடையின்போது, துணி துவைக்கப் போன ஒலாயா வீடு திரும்பவில்லை. ஒலாயா யாரோ எவளோ அல்ல, சாஞ்சாவின் சின்னம்மா மகளுக்கு நாத்தனார். லோப்பேயின் பாட்டனார் வழியிலும் ஒரு ஒட்டு உண்டு. துறையில் துணிமூட்டை கிடந்தது. பக்கத்துச் சரளையில் இரண்டு ஆண்களின் அரைகுறைத் தடம், நடுவே இழுபட்ட பெண்ணின் காலடி.

"மூர்காரனுங்கதான்!" என்று ஊரே கொதித்தது. கோட்டைத் தலைவர் தோன் நூன்யோ ஐம்பது குதிரைகளோடு லோப்பேயின் பின்னால் வந்தார். "தடத்த ஓடையில குடுத்துட்டு நீ நகந்துக்க. உச்சிக்குள்ள பொண்ணு வரலன்னா அக்கரை ஊரு இருக்காது."

தடம் நேராகப் போய் எல்லை ஓடைத் தண்ணீரில் இறங்கியது. அக்கரையில் ஃபராஜ் நின்றிருந்தார். சுல்தான் பக்கத்துத் தடக்காரர், இருபது வருஷப் பழக்கம்.

"வா கிழவா. நீ வர்றதுக்கு முன்னாலயே உன் பன்னிக்கொழுப்பு வாசம் வந்துருச்சு."

"உன் வெள்ளாட்டு வாடைக்கு அது தேவல. இந்தா, தடத்த எடுத்துக்க."

ஃபராஜ் சிரிக்கவில்லை. "எங்க கரையில ஒரு அடிகூட ஏறல லோப்பே. மேலயும் கீழயும் ரெண்டு தடவ பாத்துட்டேன். நீயே வந்து பாரு."

லோப்பே அக்கரைக்குப் போய் முழங்காலில் ஊர்ந்து பார்த்தார். கொக்குக் காலைத் தவிர ஒன்றும் இல்லை. பிறகு ஓடைக்குள்ளேயே நீரோட்டத்தோடு கீழே நடந்தார். நாணல் புதர் தாண்டியதும் நின்றுவிட்டார். மூன்று பேரும் அங்கே, சேற்றில் அச்சு முழுசாகப் பதிய, கரையேறியிருந்தார்கள். நம் கரையில்.

திரும்பி வந்து ஐம்பது ஈட்டிகளுக்கு முன்னால் நின்றார். "தடம் நம்மளோடது தலைவரே."

"என்னய்யா உளர்ற? மூர்காரன் அத்திப்பழம் குடுத்து உன்ன வாங்கிட்டானா?"

"இடது செருப்பு அடியில மூணு முடிச்சு. உங்க குதிரைக்காரன் பேரோவோட கால். கூடப் போனது அவன் தம்பி. பொய்யா இருந்தா என் கண்ணப் பிடுங்கிக்குங்க."

தலைவரின் கடிவாளத்தைப் பிடித்தபடி நின்ற பேரோ, தன்னையறியாமல் இடது காலை வலது காலுக்குப் பின்னால் மறைத்தான்.

அதை எல்லோரும் பார்த்தார்கள். இரண்டு அறை விழுந்ததும் கக்கிவிட்டான். சமாதானம் வந்ததிலிருந்து அண்ணன் தம்பிக்குக் கொள்ளை கிடைக்கவில்லை. பழி அக்கரைக்குப் போனால் சண்டை வரும், சண்டை வந்தால் கொள்ளை வரும்!

அவன் காட்டிய பழைய சுண்ணாம்புச் சூளையில், தம்பிக்காரன் கத்தியைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கினான். உள்ளேயிருந்து ஒலாயா வந்தாள். "இவ்வளவு நேரமாய்யா! துணி கெடக்கா, அதையும் எவனாவது தூக்கிட்டானா?" எல்லோரும் சிரித்த சிரிப்பு ஓடைவரை கேட்டது. அக்கரையில் கூடியிருந்த ஃபராஜின் ஊர்ப் பெண்கள் குலவையிட்டார்கள், இக்கரையில் கொம்பு ஊதினார்கள்.

தலைவர் தன் குதிரையையே அவளுக்குக் கொடுத்தார். ஒலாயா ஏறவில்லை. "இழுத்துட்டுப் போனானுங்க. வீட்டுக்கு என் கால்லயே நடந்து போறேன்." வெறுங்காலோடு முன்னால் நடந்தாள். குதிரைகள் பின்னால் கிளம்பின.

லோப்பே பாதை நடுவே கையை அகல விரித்து நின்றார். "ஓரமா, ஓரமா! அவ காலடிய மிதிச்சிராதீங்க. பொண்ணு வீடு சேந்ததுக்கு இதுதான் சாட்சி, ஃபராஜ் வந்து பாக்கணும்."

தோன் நூன்யோ ஒரு கணம் முறைத்தார். பிறகு குதிரையைப் பாதையிலிருந்து முள்ளுக்குள் இறக்கினார். ஐம்பதும் அவர் பின்னாலேயே இறங்கின. கடைசிக் குதிரை இறங்கும்வரை லோப்பே விரித்த கையை மடக்கவில்லை.